புதுப்பிப்பு: நெப்டியூன் ஒருவழியாக வளர்ந்துவிட்டது

கோள்கள் உருவாவதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் என் சிமுலேஷனில் யுரேனஸும் நெப்டியூனும் வளரவே மாட்டேன் என்கின்றன என்று முன்பு இங்கே புலம்பியிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி இது.

கிலோமீட்டர் அளவுப் பாறைகளை மோதவிட்டுக் கோளின் கருவை (கோளாக வளரும் தொடக்கத் திரளை) வளர்ப்பதை நிறுத்திவிட்டேன். நெப்டியூன் இருக்கும் 30 வானியல் அலகு (பூமி–சூரியன் தொலைவைப் போல 30 மடங்கு) தொலைவில் சூரியனை ஒருமுறை சுற்றவே 165 ஆண்டுகள் ஆகும். பாறைகளும் அங்கே அரிது. இளம் சூரியனைச் சுற்றியிருந்த வாயுத் தட்டோ சில மில்லியன் ஆண்டுகளில் கலைந்துவிடும். எப்படித் தேறும்?

இப்போது சென்டிமீட்டர் அளவுக் கூழாங்கற்கள். கருவின் அருகே வரும்போது வாயுவின் இழுவையில் வேகம் குறைந்து, சுழன்று உள்ளே விழுகின்றன. வளர்ச்சி மளமளவென்று நடக்கிறது. சொல்லப்போனால் அளவுக்கு மீறி! நிறையில் பூமியைப் போல 17 மடங்கில் நிற்க வேண்டிய நெப்டியூன், வாயுவை விழுங்கி இன்னொரு வியாழனாகப் பார்க்கிறது. கரு தாமதமாகத் தொடங்கினால் அடங்குகிறது, ஆனால் அந்த நேரத்தை நானே கையால் வைப்பது உறுத்துகிறது.

அப்புறம் இடப்பெயர்ச்சி, அதாவது கோள்கள் தங்கள் சுற்றுப்பாதையை விட்டு நகர்வது. பெருங்கோள்கள் நெருக்கமாகத் தொடங்கிப் பிறகு இடம்பெயர்ந்தன என்று சொல்லும், 2005இல் வந்த நீஸ் மாதிரியைப் போல வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கையும் நெருக்கமாக வைத்து ஓட்டினேன். சில ஓட்டங்களில் யுரேனஸும் நெப்டியூனும் இடம் மாறிக்கொள்கின்றன. அந்த ஆய்விலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். கோள்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கடக்கும்போது மட்டும் ஆற்றல் பிழை (மாறாமல் இருக்க வேண்டிய மொத்த ஆற்றல் கணக்கில் மாறிப்போவது) எகிறியது, அதனால் ரீபவுண்ட் என்ற சிமுலேஷன் மென்பொருளில், நெருங்கிய சந்திப்புகளைக் கையாளும் மெர்குரியஸ் என்ற கணக்கீட்டு முறைக்கு மாறிவிட்டேன். அடுத்து சனியின் மையவிலகலை (சுற்றுப்பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீள்கிறது என்பதை) சரிபார்க்க வேண்டும்.