அமெரிக்காவிலிருந்து ஊட்டிக்கு வரும் மூத்த மிஷனெரி தம்பதி: வீடும் அன்றாடமும் எப்படி ஒழுங்கு செய்வது?

சபைச்செயலர்_ஊட்டி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபைக்கு ஒரு மூத்த மிஷனெரி தம்பதி பதினெட்டு மாத ஊழியத்துக்கு வருகிறார்கள். ஐயாவுக்கு 68, அம்மாவுக்கு 65. இருவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். விடுதிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம், எங்கள் ஆசிரியைகளுக்குப் பயிற்சி, நூலகத்தை ஒழுங்குபடுத்துவது, இவைதான் வேலை. சாப்பாடு, பயணம் எல்லாம் அவர்கள் சொந்தச் செலவு. சபை வீடு மட்டும் கொடுக்கிறது. ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய ஓட்டு வீடு அது. இரண்டு அறை, ஒரு சமையலறை, சாலையிலிருந்து 31 படி கீழே இறங்க வேண்டும். ஐயாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு, இரவில் சிபாப் கருவி (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் கருவி) மாட்டிக்கொண்டுதான் தூங்குவார். அம்மாவுக்கு தைராய்டு மாத்திரை. ஜனவரி முதல் வாரம் வந்து இறங்குகிறார்கள்.

கமிட்டி போட்டிருக்கும் அட்டவணை: காலை 6 மணி ஜெபம், 9 முதல் 1 வரை வகுப்பு, 2 முதல் 4 வரை வீடு சந்திப்பு, மாலை 6.30 வீட்டு ஜெபக்கூட்டம். வாரத்தில் ஆறு நாள். இது சரியா? வீட்டில் என்ன என்ன மாற்ற வேண்டும்? காகித வேலை என்ன? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதிவுவேலை_குன்னூர்

செயலர் ஐயா, வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வாங்கிவிடுங்கள்: என்ன விசா? சுற்றுலா விசாவில் வந்து ஊழியம் செய்யக் கூடாது. மிஷனெரிகளுக்கென்று தனி விசா வகை இருக்கிறது. அழைப்புக் கடிதத்தில் வேலையை எப்படி எழுதினீர்களோ அதற்குள்தான் அவர்கள் நிற்க வேண்டும். "கொஞ்சம் பிரசங்கமும் பண்ணட்டுமே" என்று பிறகு சேர்ப்பது அவர்களைத்தான் சிக்கலில் மாட்டும். திருப்பி அனுப்பப்பட்டால் மறுபடி விசா கிடைப்பது கடினம்.

வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை இணையத்தில் பதிவது தங்க வைப்பவரின் கடமை. லாட்ஜுக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பல சபைகள் விட்டுவிடுகின்றன. உங்கள் வளாகத்துக்கு இன்னும் பதிவுக் கணக்கு இல்லையென்றால் டிசம்பரிலேயே விண்ணப்பியுங்கள். அன்றைக்குத் திறந்து அன்றைக்குப் பதிய முடியாது. விசா 180 நாளுக்கு மேற்பட்டது என்றால், நாட்டில் இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவும் செய்ய வேண்டும். விண்ணப்பம் இணையத்தில்தான். மாவட்டத்தில் இதற்கான அதிகாரி காவல் கண்காணிப்பாளர். பாஸ்போர்ட், விசா பக்கம், முத்திரைப் பக்கம், புகைப்படம், வீட்டு முகவரிக்கான சான்று, சபையின் பொறுப்புக் கடிதம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, நடுப்பெயரும் சேர்த்து, எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். விண்ணப்பங்கள் அதிகம் திரும்பி வருவது இந்த ஒரு பிழையால்தான்.

பணம் பற்றி ஒன்று. வெளிநாட்டவர் ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டுப் பங்களிப்பு. விடுதிக்கு நான்கு மூட்டை அரிசி வாங்கி இறக்கினாலும் அப்படித்தான். சபைக்கு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப் பதிவு (எஃப்சிஆர்ஏ) இல்லையென்றால் வாங்கவே கூடாது. இருந்தால், பணம் புது தில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இதற்கென்று உள்ள கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். நல்ல மனதோடு உண்டியலில் போட்டுவிடுவார்கள். ஆகவே முதல் ஞாயிறுக்கு முன்பே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்து வரும் வண்டிக்கு இ-பாஸ் (நீலகிரிக்குள் நுழைய இணையத்தில் எடுக்கும் அனுமதிச்சீட்டு). 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இது நடைமுறையில் இருக்கிறது. நம் நீலகிரி டிஎன் 43 பதிவெண் வண்டியையே அனுப்பினால் அந்த வேலை இல்லை.

மலைவீட்டு_மேஸ்திரி

வீடு பற்றி. ஜனவரி என்றால் உறைபனிக் காலம். ஓட்டு வீட்டில் அடிக்கூரை பலகை இல்லையென்றால் இரவில் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர்தான். முதலில் படுக்கையறைக்கு மட்டுமாவது பலகையோ ஜிப்சம் தட்டோ அடியுங்கள். அந்தச் செலவுக்குப் பிறகு ஹீட்டர் பாதி நேரம் ஓடினால் போதும்.

ஹீட்டருக்கு முன் வயரிங். எண்ணெய் ரேடியேட்டர் 2,000 வாட், கீசர் 2,000, மின்கெண்டி 1,500. மூன்றும் ஒன்றாக ஓடினால் 5,500 வாட், அதாவது 24 ஆம்பியர். பழைய வீட்டில் எல்லாம் ஒரே 16 ஆம்பியர் சர்க்யூட்டில் தொங்கும். பியூஸ் போனால் நல்லது, போகாமல் வயர் சூடேறினால்தான் ஆபத்து. கீசருக்குத் தனி லைன், ஹீட்டருக்குத் தனி லைன், இரண்டுக்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர், தனித்தனி எம்சிபி (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்), மொத்தத்துக்கு ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் அணைக்கும் சுவிட்ச்). எர்த் குழியைத் தோண்டிப் பாருங்கள், பழைய வீடுகளில் கம்பி மட்டும் இருக்கும், தகடு கரைந்து போயிருக்கும்.

அவர்கள் ஊர் மின்சாரம் 120 வோல்ட். போன், மடிக்கணினி, சிபாப் சார்ஜர்களில் பெரும்பாலும் 100–240 என்று அச்சிட்டிருக்கும், அவற்றுக்கு முள் மாற்றி (பிளக் அடாப்டர்) மட்டும் போதும். முடி உலர்த்தி, ரொட்டி சுடும் கருவி, காபி இயந்திரம் எல்லாம் பெரும்பாலும் 120 மட்டுமே. இங்கே செருகினால் ஒரே நொடியில் புகைதான். கொண்டு வரவே வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.

கரண்ட் போகும் இரவுகளுக்கு 150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரியோடு இன்வெர்ட்டர். சிபாப் கருவி, காற்றை ஈரமாக்கும் தொட்டி நீரைச் சூடாக்காமல் ஓடினால், 30 முதல் 60 வாட்தான் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 480 வாட் மணி. 12 வோல்ட் பேட்டரியில் (150 × 12) 1,800 வாட் மணி இருக்கிறது. பாதியை எடுத்தாலும் ஒரு இரவு தாராளம். அந்த நீர்ச்சூட்டை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள்.

இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: கரித் தணல் சட்டியை அறைக்குள் கொண்டு போய்க் கதவைச் சாத்த யாரும் அனுமதிக்காதீர்கள். "குளிருக்கு நம் ஊர்ப் பழக்கம்" என்று பாசத்தோடு ஒருவர் கொண்டு வந்து வைப்பார். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படி இறந்தவர்கள் உண்டு. குளியலறைக்குள் கேஸ் கீசரும் அதே காரணத்தால் வேண்டாம்.

31 படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய். பத்துப் படிக்கு ஒரு திண்ணையாவது, இல்லாவிட்டால் ஒரு சிமெண்ட் இருக்கை. படியின் விளிம்பில் மஞ்சள் பட்டை அடியுங்கள், பாசியை மழைக்கு முன் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுங்கள். கழிப்பறையில் சுவரில் பிடிமானம், தரைக்குச் சொரசொரப்பான டைல்.

நர்ஸம்மா_கோத்தகிரி

மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். இரண்டு நாள் விமானத்தில் வந்தவர்களை அதே நாளில் 14 கொண்டை ஊசி ஏற்றிக் கொண்டு வராதீர்கள். கோயம்புத்தூரில் ஓர் இரவு தங்கட்டும். ஏறிய பிறகு முதல் நான்கைந்து நாள் படியேற மூச்சு வாங்கும், தூக்கம் சரியாக வராது, தலை வலிக்கும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். நெஞ்சு வலி, படுத்தால் மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது (நீண்ட விமானப் பயணத்தில் இரத்தம் கட்டியிருக்கலாம்) வந்தால் காத்திருக்காமல் 108.

இரத்த அழுத்தக் கருவி ஒன்று வீட்டில் இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் காலை, மாலை அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். குளிரிலும் உயரத்திலும் அளவு கூடலாம். மாத்திரையை அவர்களாக மாற்றாமல் மருத்துவரிடம் நோட்டைக் காட்டட்டும்.

மருந்துப் பெயரில்தான் அதிகக் குழப்பம். அவர்கள் அசிட்டமினோஃபென் என்று கேட்பார்கள், கடைக்காரர் இல்லை என்பார். அது நம் பாராசிட்டமால்தான். அல்ப்யூட்டரால் என்பது சால்ப்யூட்டமால், எபிநெஃப்ரின் என்பது அட்ரினலின். பிராண்ட் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பொதுப்பெயர், மில்லிகிராம், எத்தனை வேளை என்று ஒரு தாளில் எழுதி, மருத்துவர் சீட்டின் நகலோடு வைத்துக்கொள்ளட்டும். மூன்று மாத மருந்தைக் கைப்பையில் கொண்டு வரட்டும், பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம். தைராய்டு மாத்திரை ஈரத்தில் கெடும். மூடி இறுக்கமான டப்பாவில், சமையலறைக்கு வெளியே இருக்க வேண்டும். அதை வெறும் வயிற்றில் போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. ஆகவே காலை 6 மணி ஜெபத்துக்கு வந்தவுடன் காபி டம்ளரை நீட்டி உபசரிக்காதீர்கள்.

சிபாப் தொட்டியில் பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீரை ஊற்றக் கூடாது. மருந்துக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் கேட்டு வாங்குங்கள், கிடைக்காத நாளில் கொதித்து ஆறிய நீர். பழைய மாதிரிக் கருவியாக இருந்தால் உயரத்துக்கேற்பக் கையால் அமைக்க வேண்டியிருக்கும். கிளம்பும் முன் அங்கேயே கேட்டுக்கொண்டு வரட்டும்.

குடிநீர்: இங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதனால் 2,000 மீட்டருக்கு மேல் குமிழி வந்த பிறகு மூன்று நிமிடம் விட வேண்டும். ஒரு நிமிடம் போதாது.

சபைச்செயலர்_ஊட்டி

மூவருக்கும் நன்றி. 24 மணி நேரப் பதிவு எங்களுக்குத் தெரியவே தெரியாது. வயரிங்குக்கு நாளை ஆள் வருகிறார். ஆர்ஓ இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுக்க ஒரு குடும்பம் முன்வந்திருக்கிறது, வாங்கலாமா? அட்டவணை பற்றி யாரும் சொல்லவில்லையே. சமையலுக்கு ஆள் வைப்பதா என்றும் கமிட்டியில் வாக்குவாதம்.

மலைவீட்டு_மேஸ்திரி

ஆர்ஓ வேண்டாம். மலைத் தண்ணீரில் உப்பு குறைவு, ஆர்ஓ பாதித் தண்ணீரைச் சாக்கடையில்தான் விடும். ஏப்ரல், மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்கும்போது அது உறுத்தும். யூவி (புற ஊதா ஒளி) வடிப்பான் போதும். மழையில் நீர் கலங்கினால் யூவி சரியாக வேலை செய்யாது. அந்த நாட்களில் துணியில் வடிகட்டி, நர்ஸம்மா சொன்னபடி மூன்று நிமிடம். இரண்டு பேருக்கு நாளைக்கு 200 முதல் 250 லிட்டர் செலவாகும் என்று வையுங்கள். 1,000 லிட்டர் தொட்டி நான்கு நாள் தாங்கும். நீலகிரியில் சிறிய பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்குத் தடை என்பதால், வெளியே போக ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் வேண்டும்.

வில்பட்டிக்காரர்

செயலர் அண்ணா, அட்டவணையைப் பார்த்து மனம் கனத்தது. கொடைக்கானலில் அமெரிக்க மதுரை மிஷன் 1845-இல் முதல் வீடுகளைக் கட்டியது ஓய்வுக்காக. சமவெளியில் காய்ச்சலிலும் காலராவிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் உயிர் தேற்றிக்கொள்ள ஏறி வந்த இடம் அது. நாம் 68 வயது ஐயாவை மலையேற்றி ஆறு நாள் பன்னிரண்டு மணி நேரம் ஓட வைக்கப் பார்க்கிறோம்.

முதல் பத்து நாள் வகுப்பே வேண்டாம். பிறகு காலை 9.30 முதல் 12.30 வரை ஒரு வேலை மட்டும். சாப்பாடு, ஓய்வு. மாலை 3 முதல் 4.30 வரை நூலகமோ ஒரே ஒரு வீடு சந்திப்போ, இரண்டும் அல்ல. வாரத்தில் ஐந்து நாள். ஒரு முழு நாள் துணி துவைக்க, சந்தைக்குப் போக, கடிதம் எழுத அவர்களுக்கே. அந்த நாளில் யாரும் கதவைத் தட்டக் கூடாது என்று சபையில் அறிவித்தே விடுங்கள். வீடு சந்திப்பில் நான்கு வீட்டில் நான்கு டீ, நான்கு தட்டு வர்க்கி. மறுத்தால் மனம் நோகுமோ என்று சாப்பிடுவார்கள், இரவில் வயிறு கேட்காது.

மாலை 6.30 கூட்டம் கட்டாயம் வேண்டாம். ஜனவரியில் ஆறரைக்கு இருட்டிவிடும். காட்டுமாடு படியோரம் நின்றால் புதியவருக்குத் தெரியாது, வெளிச்சம் அடித்துப் படம் எடுக்க நெருங்குவார்கள். எண்ணெய் வாசனைக்கும் குப்பைக்கும் கரடி வரும், எச்சில் வாளியை இரவில் வெளியே வைக்காதீர்கள். காலை நடையும் வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, ஏழரைக்கு மேல், கையில் கோலோடு. கூட்டத்தை ஞாயிறு மதியத்துக்கு மாற்றிவிடலாம்.

காலை 6 மணி ஜெபமும் அவர்கள் விருப்பம். பேரப்பிள்ளைகளோடு பேச அதுதான் நேரம். குளிர்காலத்தில் நியூயார்க் பக்கம் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால், மேற்கே யூட்டா மாநிலப் பக்கம் பன்னிரண்டரை. இங்கே காலை 7.30 என்றால் யூட்டாவில் முந்திய நாள் மாலை 7. மார்ச்சில் அவர்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும், அப்போது அதே காலை 7.30 அங்கே இரவு 8. இது தெரியாமல் பிள்ளைகள் தூங்கிய பிறகு கூப்பிட்டு ஏமாறுவார்கள்.

விடுதி வகுப்பு எப்போதும் திறந்த கதவோடு, இன்னொரு ஆசிரியை உடன் இருக்க நடக்கட்டும். பிள்ளைகளின் படத்தை வெளியே போடக் கூடாது என்பதை எழுதியே கொடுங்கள். இது பிள்ளைகளையும் காக்கும், அவர்களையும் காக்கும்.

கூப்பிடும் விதம்: "துரை", "துரைசானி" வேண்டாம். "ஐயா", "அம்மா" போதும். முதல் மாதத்தில் தமிழில் முப்பது சொல் போதும் அவர்களுக்கு: போதும், கொஞ்சம், காரம் வேண்டாம், எவ்வளவு, மெதுவாக, நாளைக்கு வருகிறேன். "போதும்" என்பதைக் கையை இலைக்கு மேல் மறித்துச் சொல்லவும் கற்றுக்கொடுங்கள்.

சமையலுக்கு முழுநேர ஆள் வேண்டாம் என்பது என் கருத்து. வாரம் மூன்று நாள் காலையில் இரண்டு மணி நேரம் ஓர் அக்கா வந்து காய் நறுக்கி, பருப்பு வேகவைத்து, வீடு துடைத்துவிட்டுப் போகட்டும். சம்பளத்தை சபையே பேசி முடித்துவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் மூன்று மடங்கு கொடுத்து அக்கம் பக்கத்தில் மனத்தாங்கல் வரும். கேஸ் சபைப் பெயரில் உள்ள இணைப்பே இருக்கட்டும், அவசரத்துக்கு ஒரு 5 கிலோ சிலிண்டர். குக்கர் இல்லாமல் இங்கே துவரம் பருப்பு சீக்கிரம் வேகாது. மூன்று லிட்டர் குக்கர் ஒன்று வாங்கி, வெயிட் போடுவதையும் ஆவி முழுக்க அடங்கிய பிறகு திறப்பதையும் நேரில் காட்டுங்கள். அவர்கள் ஊரில் மின்சாரக் குக்கர்தான் பழக்கம், விசில் சத்தத்துக்குப் பயப்படுவார்கள். நம் ஊரில் விளையும் இங்கிலீஷ் காய் (கேரட், முட்டைக்கோஸ் போன்றவை) அவர்களுக்குப் பழகியதுதான், அதில் கஷ்டமில்லை. பச்சையாகத் தின்னும் இலைகளை மட்டும் கொதித்து ஆறிய நீரில் அலசட்டும்.

அம்மா கேக் சுடுவார்களானால் முதல் தடவை நடுவில் குழிந்துவிடும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, மாவு சீக்கிரம் உப்பி, வேகும் முன்பே அமர்ந்துவிடும். பேக்கிங் பவுடரில் கால் பங்கைக் குறைத்து, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் கூட்டி, அடுப்பை 10 டிகிரி கூட வைத்தால் சரியாக வரும். அந்த ஓவனும் 1,500 வாட்டுக்குக் குறையாது. மேஸ்திரி அண்ணன் சொன்ன லைன் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.