சரயேவோவில் கேட்ட ‘கலாய்’

போஸ்னியா போய் வந்தவர்கள் அந்த ஊர்க் கலைகளைப் பார்த்த அனுபவத்தை எழுதுங்களேன். முதலில் என்னுடையது.

சரயேவோவின் பழைய கடைவீதி பாஷ்சார்ஷியா. அதையொட்டி கசான்ஜிலுக் என்று செம்பு வேலைக்காரர்களின் சின்னத் தெரு. உள்ளே நுழையும் முன்பே சுத்தியல் சத்தம் வந்துவிடும். ஒரு பட்டறையில் பெரியவர் ஒருவர் தட்டில் பூவேலை செய்துகொண்டிருந்தார். கோடு எதுவும் போட்டுக்கொள்ளவில்லை, கண்ணளவுதான். உளியை நெல்லளவு நகர்த்துவார், ஒரு தட்டு. மறுபடி நகர்த்துவார், ஒரு தட்டு.

நான் நிற்பதைப் பார்த்து, காபி காய்ச்சும் ஜெஸ்வாவை எடுத்து உள்பக்கத்தைக் காட்டினார். நீளக் கைப்பிடி, வெளியே செம்பு, உள்ளே வெள்ளை வெளேரென்று மின்னியது. “கலாய்” என்றார். அவர் பேசியதில் எனக்குப் புரிந்த ஒரே சொல் அதுதான், உடம்பு சிலிர்த்துவிட்டது. பாட்டி வீட்டு அண்டாவுக்கு ஈயம் பூச வருபவரை நாங்கள் கலாய்க்காரர் என்போம். அங்கே அவர் ‘கலாய்ஜியா’. அரபியில் பிறந்த சொல், உருது வழியாக நம்மிடம் வந்திருக்கிறது. போஸ்னியாவோ 1463 முதல் 1878 வரை ஒட்டோமான் ஆட்சியில் இருந்த நாடு, அதனால் துருக்கியர் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

அப்புறம் அதே ஜெஸ்வாவில் காபி வந்தது. பிடியில்லாத குட்டிக் கிண்ணம், சர்க்கரைக் கட்டி. கட்டியின் முனையைக் காபியில் தொட்டுக் கடித்துவிட்டு ஒரு மிடறு குடிக்க வேண்டும்.

பக்கத்துக் கடையில் பீரங்கிக் குண்டின் வெற்று உறைகளைப் பூவேலையோடு பூச்சாடிகளாக அடுக்கியிருந்தார்கள். போஸ்னியப் போரில் சிக்கி, 1992 முதல் 1996 வரை முற்றுகையில் தவித்த ஊர் அது. வேலைப்பாடு அழகாகத்தான் இருந்தது. ஆனால் கையில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

*

பதில்:

நான் கோனியிட்ஸில் இறங்கினேன். நெரெத்வா ஆற்றங்கரை ஊர், மரச்செதுக்கலுக்குப் பேர் போனது. அந்தக் கலையை 2017இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டறை முழுக்க அக்ரூட் மரத்தூள் வாசனை. பூவையும் கொடியையும் செதுக்கிய பிறகு, பின்னணியைப் புள்ளி புள்ளியாகக் கொத்துகிறார்கள். விரலால் தடவினால் பூ வழுவழு, சுற்றிலும் சொரசொர. ஆண், பெண், எந்த மதத்தவர் என்ற பேதமில்லாமல் இதைச் செய்கிறார்கள். போருக்குப் பிறகும் அது அப்படியே நிலைத்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

*

பதில்:

எனக்கு மோஸ்தார். 1993இல் இடிந்து 2004இல் மீண்டும் எழுந்த அந்தப் பாலத்தை எல்லோரும் சொல்வார்கள், நான் பாட்டைச் சொல்கிறேன். செவ்தாலிங்கா அவர்களுடைய காதல் பாட்டு. ஏக்கப் பாட்டு என்றாலும் சரிதான். வேர்ச்சொல்லுக்கு அரபியில் கரும்பித்தம் என்று பொருள், துருக்கியில் காதல்! தங்கியிருந்த வீட்டுப் பாட்டி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, வாத்தியம் எதுவுமில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஒவ்வொரு அடியின் முடிவிலும் குரலை இழுத்து இழுத்து நிறுத்தினார். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. அடுத்த அறையில் இருந்த மகன் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.