மறு: ஈஸ்ட் ஸ்டார்ட்டருக்குத் தமிழ்ச் சொல் – “தொடக்கி” வேணாமே

வணக்கம். பீர் காய்ச்சுறதுக்கு முன்னாடி ஈஸ்டை ஒரு குடுவையில பெருக்கி எடுக்கிறோமே, அந்த ஈஸ்ட் ஸ்டார்ட்டருக்கு இங்க சொன்ன “தொடக்கி” எனக்கு ஒட்டல. மோட்டார் ஸ்டார்ட்டருக்கு அந்தச் சொல் எப்பவோ போயாச்சு, அதோட இந்தக் குடுவைக்குள்ள நடக்கிறது தொடக்கம் இல்ல, பெருக்கம். ஏல் வகை பீருக்கு மில்லிக்கு, ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு (சாறு 100 கிராமுல ஒரு கிராம் சர்க்கரைன்னு வச்சுக்கலாம்) ஏழரை லட்சம் செல்லுனு ஒரு கணக்கு இருக்கு, அப்படிப் பார்த்தா 12 பிளேட்டோ வோர்ட் (இன்னும் புளிக்காத மால்ட் சாறு) 20 லிட்டருக்கு 18,000 கோடி செல் வேணும். கடையில வாங்குற திரவ ஈஸ்ட் பாக்கெட்ல புதுசா இருந்தாலே சுமார் 10,000 கோடிதான், ஃப்ரிட்ஜ்ல மாசக்கணக்கா கிடந்தா அதுவும் செத்துக்கிட்டே வரும். குளிர்ல புளிக்க வைக்கிற லாகர் வகைன்னா தேவையே ரெண்டு மடங்கு.

அக்கா சொன்ன “உறை” கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உறைமோர் தயிரோட தயிரா போயிடும். இங்க ஒரு லிட்டர் தண்ணியில 100 கிராம் மால்ட் பவுடர் போட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் கொதிக்க வச்சு, நல்லா ஆறினதும் ஈஸ்டை விட்டு, காந்தக் கலக்கி மேல ஒரு நாளோ ரெண்டு நாளோ சுத்த விடுறோம் (செல் சவ்வு கட்ட ஆக்ஸிஜன் வேணும், அதுக்குத்தான் சுத்துறது), அப்புறம் ஃப்ரிட்ஜ்ல வச்சா அடியில வெளிறின மண்டி கெட்டியா படியும், அந்த மண்டிதான் நமக்கு வேணும், மேல நிக்கிற தண்ணியை கீழ கொட்டிடுறோம். அதை ஒரு வாய் குடிச்சுப் பார்த்தவங்க ஏன்னு கேக்க மாட்டாங்க.

அதனால என் ஓட்டு “மதுவ நாற்று”. இலங்கைப் பாடநூல்ல ஈஸ்டுக்கு மதுவம்தான், தமிழ்நாட்டுல “நொதி”னா என்சைம்னு ஆயிடுச்சு, அதைத் தொட்டா குழப்பம். நாத்துன்னா வினையும் கூடவே வந்துடுது, “நேத்து நாத்து விட்டுட்டேன்”னு சொன்னாலே போதும். பிட்ச் பண்றதுக்கு, அதாவது ஈஸ்டை வோர்ட்ல விடுறதுக்கு, “உறை ஊத்துறது”னு வச்சுக்கலாம், அக்கா சொல்லும் வீணாகாது.

நாத்துல இன்னும் சர்க்கரை சேர்க்கலாமான்னு தம்பி கேட்டதுக்கு: இல்லப்பா, நாத்துக்கு சர்க்கரையைக் கூட்டாத, அடர்த்தி 1.040ஐத் தாண்டினா (வெறும் தண்ணி 1.000) ஈஸ்ட் திணறும், அதுக்கு பீர் நல்லா வரணும்னு இல்ல, செல் நல்லா பெருகணும்.

கலைச்சொல் பட்டியல்ல ஏத்தும்போது உலர் ஈஸ்டுக்கு இது பெரும்பாலும் தேவையில்லைன்னு விளக்கத்துல ஒரு வரி சேருங்க, அது ஆலையிலேயே சத்து ஏத்தித்தான் காயவச்சு வருது. “வோர்ட்”டுக்கு இன்னும் ஒண்ணும் அமையல, யாராவது போடுங்க.