இணைப்பிழையா, இணைவழுவா?

வணக்கம் நண்பர்களே,

டி.என்.ஏ.வின் எதிரெதிர் எழுத்துகள் தவறாக இணைந்தால் அதைச் சரிசெய்யும் வேலையை ஆங்கிலத்தில் mismatch repair என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'இணைப்பிழை திருத்தம்' என்ற சொல்லுக்கு நேற்று ஏறக்குறைய எல்லோரும் சரி சொல்லிவிட்டீர்கள். எனக்கும் பிடித்திருந்தது. இரவு அதை ஒரு தாளில் எழுதி, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகளிடம் நீட்டினேன். "இணைப்பு இழையைத் திருத்துறதா சித்தப்பா?" என்று கேட்டாள். இணை + பிழை, இணைப்பு + இழை, இரண்டும் புணர்ந்தால் ஒரே உருவம்! டி.என்.ஏ.வே இரண்டு இழைகளால் ஆனது. வேறு துறையாக இருந்தால் விட்டுவிடலாம், இங்கே இந்த மயக்கம் ஆகாது.

அக்கா சொன்ன 'மெய்ப்புத் திருத்தம்' அழகான சொல்தான். ஆனால் அது இன்னொரு வேலைக்கு வேண்டியிருக்கிறது. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியே, தான் வைத்த எழுத்தை அப்போதைக்கு அப்போதே சரிபார்த்துத் தவறை அழிக்கிறது. மெய்ப்பு என்றால் அதுதான். அதற்கும் தப்பிய பிழையைப் பிடிக்கப் பின்னாலேயே வேறு புரதங்கள் வருகின்றன. எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இரண்டும் சேர்ந்து பொருந்தாத இணையைக் கண்டுகொள்ளும். எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 இரண்டும் புதிய இழையில் வெட்டுப் போடும். வேறு நொதிகள் அந்தத் துண்டை நீக்கி, பழைய இழையைப் பார்த்து மறுபடி எழுதும். எது பழையது என்று தெரியாமல் கைவைத்தால் மூலமே கெட்டுப்போகும். இந்த வேலை எப்படி நடக்கிறது என்று காட்டியதற்காகத்தான் பால் மாட்ரிச் 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தத் திருத்தும் மரபணு பழுதானால் பெருங்குடல் புற்றுநோய் வரலாம். மெய்ப்புப் பார்க்கும் மரபணு பழுதானாலும் வரலாம், ஆனால் அது வேறு நோய்வகை. ஆகவே இரண்டுக்கும் இரண்டு சொற்கள் தேவை.

என் பரிந்துரை 'இணைவழு'. பள்ளியில் படித்த திணைவழு, பால்வழுவை நினைத்துப் பாருங்கள். "அவன் வந்தது" என்பதில் 'அவன்' தவறில்லை, 'வந்தது'ம் தவறில்லை. இரண்டும் சேர்ந்தது தவறு. டி.என்.ஏ. எழுத்துகளில் அடினினுக்கு எதிரே தைமின் வரவேண்டிய இடத்தில் சைட்டோசின் வந்தாலும் கதை இதேதான். 'பிழை' இந்த நுட்பத்தைச் சொல்வதில்லை, 'வழு' சொல்கிறது. கணினித் தமிழில் நிரல் பிழையை வழு என்கிறோமே என்று கேட்கலாம். முன்னால் 'இணை' நிற்பதால் குழப்பம் வராது.

இலக்கணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மரபணுவில் நேரும் மாற்றத்துக்கு (mutation) ஈழத்துப் பாடநூல்கள் தரும் 'விகாரம்' என்ற சொல்லை நம்மில் சிலர் ஒதுக்குகிறோம். புணர்ச்சி விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். மரபணுவில் ஓர் எழுத்து கூடும், மாறும், இல்லாமல் போகும். இதைவிடப் பொருத்தமாக யாரால் சொல்ல முடியும்? ஆனாலும் "உங்கள் மரபணுவில் விகாரம் இருக்கிறது" என்று ஒரு நோயாளியிடம் சொல்ல எனக்கு மனம் வராது. பாடநூலில் இருக்கட்டும், நோயாளிக்குத் தரும் தாளில் 'மாறுபாடு' போதும்.

அடுத்தது, நோய் எளிதில் வரக்கூடிய இயல்பைக் குறிக்கும் 'நோய் ஏற்புத்தன்மை'. என் மாமாவுக்கு 46 வயதில் பெருங்குடலில் கட்டி வந்தது. நோயியல் அறிக்கையோடு இருந்த படத்தில் சுற்றியிருந்த நல்ல செல்களின் கருக்கள் பழுப்பாகச் சாயம் ஏறியிருந்தன; கட்டியின் செல்கள் வெறும் நீலமாக நின்றன. பழுப்புச் சாயம் காட்டும் எம்.எஸ்.எச்.2 புரதம் கட்டியில் இல்லை, அதன் துணையான எம்.எஸ்.எச்.6உம் இல்லை. பிறகு ரத்தப் பரிசோதனையில் அது பிறவியிலேயே வந்த மாறுபாடு என்று தெரிந்தது. "அப்போ புற்றுநோயோடதான் பிறந்தேனா?" என்று மாமா கேட்டார். இல்லை. பிறவியில் வந்தது அந்த மரபணுவின் பழுதான ஒரு படி மட்டும். பெற்றோரில் மற்றவரிடமிருந்து வந்த நல்ல படி இத்தனை வருடம் வேலை செய்தது. குடலில் ஏதோ ஒரு செல்லில் அதுவும் பழுதான பிறகுதான் பிழைகள் சேரத் தொடங்கின. 'ஏற்பு' என்றால் விரும்பி வாங்கிக்கொண்டது போல ஒலிக்கிறது. 'பரம்பரைப் புற்றுநோய்' அதைவிட மோசம். 'மரபுவழி நோய்ச்சாய்வு' என்று வைக்கலாமா?

பெயர் தவறாக வழிகாட்டியது ஆங்கிலத்திலும் நடந்ததுதான். மாமாவுக்கு இருக்கும் இந்தப் பிறவி நிலையின் பெயர் லிஞ்ச் நோய்த்தொகை. அதற்கு முன்பு 'பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு முளை) அற்ற பரம்பரைப் பெருங்குடல் புற்றுநோய்' என்ற பொருளில் பெயர் இருந்தது. ஆனால் பாலிப் வருவதுண்டு, கருப்பையிலும் புற்று வரும். 1895இல் மிச்சிகனில் ஒரு தையற்காரப் பெண், தன் குடும்பத்தில் பலர் இப்படித்தான் போனார்கள், தானும் அப்படியே இறப்பேன் என்று மருத்துவர் வார்த்தினிடம் சொன்னார். அந்தப் பெண் இறந்தது கருப்பைப் புற்றால்தான்.

மாமா மகளுக்கு 24 வயது. அவளுக்காக எழுதிய வரிகள் இவை: "இணைவழு திருத்தும் மரபணுவின் பழுதான படி அப்பாவிடமிருந்து உனக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. வந்திருந்தால் அது நோயல்ல, நோய்ச்சாய்வு. ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடலை உள்நோக்கிப் பார்த்துவந்தால் பாலிப்பாக இருக்கும்போதே எடுத்துவிடலாம்."

இதில் எந்தச் சொல் இடறுகிறது என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கொடுக்கவேண்டும்.