உப்புத்தாளும் பித்தளைத் தண்டவாளமும்: கீறல் விழுமா, விழாதா?

பித்தளைப்பாதை

இந்த மன்றத்தின் பக்கத்து இழையில் தோட்டத்துகார்டு எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். தோட்டத்து ரயில் (தோட்டத்தில் ஓட்டும் மாதிரி ரயில்; தண்டவாளம் வழியேதான் எஞ்சினுக்கு மின்சாரம் போகும்) தண்டவாளத்தை 120 எண் உப்புத்தாளால் தேய்த்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது என்கிறார். "கீறல் விழும் என்பதெல்லாம் வீட்டுக்குள் மேஜைமேல் ரயில் ஓட்டுகிறவர்கள் கட்டிவிட்ட கதை" என்றும் எழுதியிருக்கிறார். கீழே வரிசையாகப் புதியவர்கள் நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

120 எண் தாள் மரச்சட்டத்தில் பழைய பெயிண்டைச் சுரண்டுவதற்கு. பித்தளை மென்மையான உலோகம். கீறல் விழும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஓயாமல் பொடிப்பொடியாகப் பொறி பறக்கிறது, கருப்பு மசி அதில் உண்டாவதுதான். வழவழப்பான தண்டவாளம் என்றால் துணியால் ஒரு இழுப்பில் மசி வந்துவிடும். கீறல் விழுந்திருந்தால் துணி மேலே போகும், மசி உள்ளே உட்கார்ந்திருக்கும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, உப்புத்தாள் போட்டு மூன்று வாரம் ஓட்டிய தண்டவாளத்தைக் குனிந்து பாருங்கள். நான் பார்த்தேன். தலைமுடியைவிட மெல்லிய கருங்கோடுகள், எல்லாமே என் கை இழுத்த திசையில்.

தோட்டத்துகார்டு

தம்பி, என்னைத் திட்டுவதற்கென்றே ஒரு இழையா? அங்கேயே கேட்டிருக்கலாம்.

என் பாதை 60 மீட்டர். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 45 மில்லிமீட்டர், முழுக்கப் பித்தளை. பதினான்கு வருடமாக வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. தண்டவாளத்தின் உயரம் 8.4 மில்லிமீட்டர். அதில் மயிரிழை அளவு தேய்ந்தால் என்ன குடி முழுகிப்போகிறது? மழை ஓய்ந்ததும் போய்ப் பாருங்கள், பாதை முழுக்க மரப்பட்டை நிறத்தில் களிம்பு ஏறியிருக்கும். அது மேலே விழுந்த அழுக்கு இல்லை, உலோகத்தின் மேல்தோலே மாறிப்போனது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே திரும்பி வரும், எஞ்சின் இருந்த இடத்திலேயே நிற்கும்.

சுவர் தேய்க்கிற நீளக் கோல், அதன் தலையில் 120 தாள். இரண்டு தண்டவாளமும் ஒரே நேரத்தில் தேயும், முதுகு வளைய வேண்டாம். கீறல் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

பித்தளைப்பாதை

நின்றபடியே தேய்க்கிறவருக்குக் கீறல் எப்படித் தெரியும்? குனிந்தால்தானே தெரியும்!

120 தாளில் இருக்கும் மணியின் அளவு ஏறத்தாழ 125 மைக்ரான். 400 தாளில் 35. 1000 தாளில் 18. 125 மைக்ரான் கல்லைக் கோலின் பாரத்தோடு பித்தளைமேல் இழுத்துவிட்டுக் கீறல் விழவில்லை என்றால் யார் நம்புவார்கள்? களிம்பு துணிக்கு வராது என்பது எனக்கும் தெரியும். அதற்குப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் போதும். லேசாக இரண்டு தடவை, அப்புறம் உலர்ந்த துணி.

புதுச்சக்கரம்

வணக்கம். நான் போன மாதம்தான் பாதை போட்டேன். ஒரு சந்தேகம். "சுத்தமான தண்டவாளம்" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பளபளப்பா, மல்டிமீட்டரில் வரும் மின்தடையா, எஞ்சின் நிற்காமல் ஓடுவதா? எந்த ஆழம் வரைக்கும் மெருகு, எங்கிருந்து கீறல்? என் எஞ்சின் காலையில் நன்றாக ஓடுகிறது, வெயில் ஏறியதும் ஒரே வளைவில் போய் நிற்கிறது. அங்கே மூன்று முறை துடைத்துவிட்டேன்.

தோட்டத்துகார்டு

பச்சை நாரா! தம்பி, அந்த நாரில் ஒட்டியிருப்பது என்ன என்று தெரியுமா? அலுமினியம் ஆக்சைடு தூள். என் உப்புத்தாளில் இருப்பதும் அலுமினியம் ஆக்சைடு. நீங்கள் தேய்த்தால் மெருகு, நான் தேய்த்தால் கீறல், அப்படித்தானே?

1968-இல் மாதிரி ரயில் நிறுவனமான எல்ஜிபி தன் தோட்டத்து ரயிலைக் கொண்டுவந்தது. அவர்களே தேய்க்கும் சக்கரம் வைத்த ஒரு எஞ்சினை விற்கிறார்கள். அது போகிற போக்கில் தண்டவாளத்தை அரைத்துக்கொண்டே போகும். அவர்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?

பித்தளைப்பாதை

அந்தச் சக்கரத்தின் பரப்பை விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் உங்கள் 120 தாளைத் தடவிப் பாருங்கள். வித்தியாசம் விரலுக்கே தெரியும். நாரில் தூள் இழைகளுக்கு நடுவே இருக்கிறது. அழுத்தினால் இழை வளைந்து கொடுக்கும், தாள் வளைந்து கொடுக்காது. கீறல் விழும்.

பாட்டரிவண்டி

நான் எட்டு வருடமாகத் தண்டவாளத்தில் மின்சாரமே விடுவதில்லை. எஞ்சினுக்குள் லித்தியம் பாட்டரி, கையில் ரேடியோ கட்டுப்பாடு. களிம்பு ஏறட்டும், கருத்துப்போகட்டும், வண்டி ஓடும். 120-ஆ 400-ஆ என்று இத்தனை வருடம் அடித்துக்கொண்டதற்கு அந்த நேரத்தில் வண்டிகளை மாற்றியிருக்கலாம்.

பித்தளைப்பாதை

எந்த இழையைத் திறந்தாலும் பாட்டரி. தடம் மாற்றும் பாயிண்ட் பற்றிக் கேட்டாலும் பாட்டரி, பாலம் பற்றிக் கேட்டாலும் பாட்டரி. இங்கே கேள்வி கீறல்.

தோட்டத்துகார்டு

இதில் மட்டும் தம்பியோடு நான் உடன்படுகிறேன். என்னிடம் பதினோரு எஞ்சின்கள். எல்லாவற்றையும் பிரித்துப் பாட்டரி வைக்க நான் என்ன பட்டறையா வைத்திருக்கிறேன்?

பாட்டரிவண்டி

சரி, சொல்லவில்லை. ஆனால் பாட்டரி வந்தால் சுத்தம் செய்கிற வேலையே போய்விடும் என்று நான் எங்கும் சொன்னதில்லை, போன முறையும் என் வாயில் அந்த வார்த்தையைத் திணித்தீர்கள். நேற்றுக் காலைகூட ஏற்றத்தில் வண்டி வழுக்கியது. போய்ப் பார்த்தால் இரவில் நத்தை குறுக்கே போயிருக்கிறது. இரண்டு தண்டவாளத்திலும் விரல் அகலத்துக்கு வெள்ளி நாடா மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினால் தோலாக உரிந்தது. ஈரத்துணியில் போய்விட்டது. அதற்கு உப்புத்தாள் வேண்டாம்.

கொதிகலன்

மண்ணெண்ணெயை யாருமே சொல்லவில்லையே? துணியில் இரண்டு சொட்டு, துடைத்துவிட்டு உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் வாரக்கணக்கில் கருப்பு ஏறாது. நான் நிஜ நீராவியில் ஓடும் மாதிரி எஞ்சின் ஓட்டுகிறவன், இருந்தாலும் மின்சார வண்டிக்காரர்கள் பாதையில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன்.

பித்தளைப்பாதை

நீங்கள் எண்ணெயைப் பற்றிப் பேசலாமா? போன வருடம் என் பாதையில் உங்கள் எஞ்சினை ஓட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? சிலிண்டர் எண்ணெய் நீராவியோடு கலந்து புகைபோக்கி வழியே பறந்து, உட்பக்க வளைவு முழுவதும் தெறித்தது. அதன்மேல் தூசி, அதன்மேல் மகரந்தம். இரண்டு நாள் உட்கார்ந்து துடைத்தேன். ஒரு மன்னிப்பு வந்ததா?

கொதிகலன்

ஓட்டச் சொல்லிக் கூப்பிட்டது நீங்கள். நீராவி எஞ்சின் எண்ணெய் துப்பும் என்பது தெரியாமலா கூப்பிட்டீர்கள்? அன்றைக்கே துணியோடு வந்து நின்றேன், "விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றீர்கள். இப்போது நாலு பேர் முன்னால் கணக்குக் கேட்கிறீர்கள்.

மின்னோட்டம்

கொதிகலன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. துடைக்கப் பயன்படும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலின் மின்காப்பு மாறிலி (திரவத்தின் முனைவுத்தன்மை, அதாவது மூலக்கூறின் ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின் என்று பிரிந்திருப்பது, எவ்வளவு என்று காட்டும் எண்) 18-ஐ ஒட்டி வரும், மண்ணெண்ணெய்க்கு 2-தான். முனைவுத்தன்மை உள்ள திரவத்தின் மிச்சம் தண்டவாளத்தில் தங்கினால் பொறியும் களிம்பும் கூடும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. எண்ணெய்ப் படலம் தங்கினால் இழுவை குறையும் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. ரப்பர் வளையம் போட்ட சக்கரம் உள்ள எஞ்சின் என்றால் இரண்டாவதையும் யோசிக்க வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: ஆல்கஹாலின் ஆவி 12 டிகிரியிலேயே பொறி பட்டால் தீப்பிடிக்கும், மண்ணெண்ணெய்க்கு 38-க்கு மேல் வேண்டும். எதைப் போட்டாலும் நன்றாக உலர்ந்த பிறகே மின்சாரம்.

புதுச்சக்கரம், உங்கள் வளைவில் பிரச்சினை அழுக்கு இல்லை என்று நினைக்கிறேன். 10 மீட்டர் பித்தளை 40 டிகிரி சூடேறினால் ஏழரை மில்லிமீட்டர் நீளும். வெயில் ஏறியதும் இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடு நெளிந்து தொடர்பு விட்டுப்போகிறது. தகட்டைக் கழற்றி உள்பக்கம் கருத்திருக்கிறதா என்று பாருங்கள். இறுக்கிப் பிடிக்கிற திருகு கிளாம்ப் போட்டு, நேர்ப்பாதையில் விரிவடைய இடைவெளி விட்டு, அந்த இடைவெளியைக் கம்பியால் இணைத்துவிடுங்கள்.

பித்தளைப்பாதை

இணைப்புத் தகடு பற்றித் தனி இழை இருக்கிறது. ஆல்கஹாலோ மண்ணெண்ணெயோ, கீறல் விழுந்த தண்டவாளத்தில் எதை ஊற்றினாலும் அது கீறலுக்குள்தான் போய்த் தங்கும். நான் முதலில் சொன்னதும் அதுதான்.

தோட்டத்துகார்டு

கீறல், கீறல், கீறல். தம்பி, நிஜ ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் இலை உதிரும் காலத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க மணல் கலந்த பசையைத் தண்டவாளத்தில் பூசுகிறார்கள். மணல்! அங்கே யாரும் லென்ஸ் வைத்துக் குனிந்து பார்ப்பதில்லை.

பித்தளைப்பாதை

அதே பிரிட்டனில் முதலில் மிகுந்த அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சி இலைக்கூழைக் கழுவுகிறார்கள். பசை அப்புறம்தான் வருகிறது. அதுவும் பிடிமானத்துக்கு, சுத்தத்துக்கு இல்லை. அது எஃகு. மேலே போவது பல டன் பாரம், எந்தக் கீறலும் நசுங்கிச் சமமாகிவிடும். நம் எஞ்சின் மூன்று நாலு கிலோ. அது எந்தக் கீறலை நசுக்கும்?

இன்னொன்று. என்னைத் "தம்பி" என்று கூப்பிட வேண்டாம். எனக்கு 53 வயது.

தோட்டத்துகார்டு

எனக்கு 71. தம்பிதான்.

புதுச்சக்கரம்

மின்னோட்டம் ஐயா, மிக்க நன்றி. தகட்டைக் கழற்றினேன். வெளியே பளபளப்பாக இருக்கிறது, உள்ளே கரியாக இருக்கிறது. கிளாம்ப் போடப்போகிறேன். தண்டவாளத்தையே மாற்றிவிட்டால் என்ன என்றும் ஒரு யோசனை. நிக்கல் சில்வரா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?

மின்னோட்டம்

அவசரப்பட வேண்டாம். நிக்கல் சில்வரில் வெள்ளி கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவைதான். மெதுவாகக் கருக்கும், விலை அதிகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் களிம்புத் தொல்லை குறைவு, ஆனால் பித்தளையைவிடப் பத்து மடங்கு மின்தடை, நீளமான பாதையில் பல இடங்களில் மின்சாரம் ஊட்ட வேண்டியிருக்கும். முதலில் பெட்டிகளில் பிளாஸ்டிக் சக்கரம் இருந்தால் உலோகச் சக்கரமாக மாற்றுங்கள். கருப்பு மசியைப் பாதை முழுக்கப் பரப்புவதில் பிளாஸ்டிக் சக்கரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரும்பு நாரை மட்டும் தொடவே தொடாதீர்கள், அதன் துணுக்குகளை மோட்டார் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பித்தளைப்பாதை

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 120 தாளைப் போட்டால் கீறல் விழும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தோட்டத்துகார்டு

ஒரே ஒரு கேள்வி, நேரான பதில் வேண்டும். பதினான்கு வருடமாக 120 தாள் போட்ட என் பாதையில், ரயில் காலையிலிருந்து மாலை வரை நிற்காமல் ஓடுகிறது. நீங்கள் சொல்கிற கீறலில் அழுக்கு உட்கார்ந்திருந்தால் எப்படி ஓடுகிறது?

பித்தளைப்பாதை

வாரம் எத்தனை முறை தேய்க்கிறீர்கள் என்று பக்கத்து இழையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மூன்று முறை. நான் பச்சை நாரை மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை எடுப்பேன், மற்றபடி வாரம் ஒரு முறை துணி மட்டும். மூன்று முறை தேய்க்க வேண்டியிருப்பதே கீறலால்தான்.

தோட்டத்துகார்டு

மூன்று முறை தேய்ப்பது என் பாதைக்கு மேலே மரம் இருப்பதால். பிசின் சொட்டுகிறது. அதையும் அதே இழையில் எழுதியிருந்தேன், அந்த வரியை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

கொதிகலன்

பிசினுக்கு மண்ணெண்ணெய்.

பித்தளைப்பாதை

பிசின் இருக்கிற இடத்தைத் துடைப்பதா, 60 மீட்டரையும் அரைப்பதா? சரி, உங்கள் பாதையில் மரம் இல்லாத இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் ஒரு மாதம் உப்புத்தாள் போடாமல் விடுங்கள். 1000 தாளால் ஒரு முறை வழவழப்பாக்கிவிட்டு அப்புறம் துணி மட்டும். பக்கத்தில் வழக்கம்போல 120. மாதக் கடைசியில் இரண்டு இடத்தையும் லென்ஸ் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள்.

தோட்டத்துகார்டு

என் பாதையில் எந்த இடத்தில் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். நாளைக் காலையில் பனி காய்ந்ததும் கோலை எடுக்கிறேன், 120 தாளோடு. படம் வேண்டுமென்றால் நீங்கள் வந்து குனிந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பித்தளைப்பாதை

வருகிறேன். லென்ஸோடு வருகிறேன்.

கொதிகலன்

நான் அந்த மன்னிப்பு விஷயத்தை இன்னும் விடவில்லை. துணியோடு வந்து நின்றேனா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள்.