வெளிநாடு போன மதுரைக்காரர்களே, கோயிலில் ஆட்களையும் தேடுங்கள்

வேலைக்கோ படிப்புக்கோ மதுரைப் பக்கமிருந்து புதிதாகக் கிளம்பிப் போயிருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு, சிங்கப்பூரில் இருந்துவிட்டு இப்போது திருநகரில் இருக்கும் ஒரு அண்ணன் எழுதுவது. வீடு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு எல்லாம் எப்படியும் ஆகிவிடும். கோயில், பள்ளிவாசல், சர்ச் விஷயத்தைத்தான் பலர் தள்ளிப்போட்டுவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள்.

ஊரில் நாம் கோயிலிடம் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போவோம், கும்பிடுவோம், பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவோம். பக்கத்தில் நின்றவர் யாரென்று தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசியமும் இல்லை. பிள்ளை பிறந்தால் அத்தை வந்துவிடுவார். காய்ச்சல் என்றால் எதிர்வீட்டு அக்கா கஞ்சி கொடுத்தனுப்புவார். துக்கம் என்றால் பங்காளிகளும் தெருக்காரர்களும் சேர்ந்து பந்தல் போட்டுவிடுவார்கள். அங்கே இவர்கள் யாரும் இல்லை. அத்தனையும் கோயிலில் பழகிய ஆட்கள் செய்தால்தான் உண்டு. ஊர்ப் பழக்கத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் சாமியைப் பார்க்கலாம், மனுஷரைப் பார்க்க முடியாது.

இது புது ஏற்பாடும் இல்லை. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827-ல் தொடங்கிய மாரியம்மன் கோயில், கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு வேலையும் தங்குமிடமும் கிடைக்கிறவரை இடம் கொடுத்தது. இந்துத் திருமணங்களைப் பதிவு செய்த இடமும் அதுவாக இருந்தது.

ஆகவே கோபுர உயரத்தைப் பார்த்து இடம் பிடிக்காதீர்கள். போன மாதம் இங்கே யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தாரா, யார் போய்ப் பார்த்தார்கள் என்று விசாரியுங்கள். உடனே பெயர் சொல்லிப் பதில் வந்தால் அங்கேயே இருந்துவிடலாம். திருவிழா அன்று முதல்முறை போகாதீர்கள், யாருக்கும் பேச நேரமிருக்காது. கூட்டமில்லாத நாளில் போய், அன்னதானத்துக்குக் காய் நறுக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். என் மனைவிக்குப் பிரசவம் ஆனபோது பத்தியச் சாப்பாடு சமைத்துக் கொடுத்தவர், நான் வெங்காயம் உரித்த சமையல்கட்டில் பழக்கமான ஒரு அக்காதான். நம்பிக்கை குறைந்தவர்களும் இந்த வேலைக்குப் போகலாம். யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

முதல் பேச்சிலேயே "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டு, அதை வைத்துப் பழகுகிற இடமென்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பிரசாதத்தோடு சீட்டு, இன்சூரன்ஸ் என்று ஆரம்பிப்பவரிடமும் தள்ளியே இருங்கள்.

வளைகுடாவுக்குப் போனவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரில் கும்பாபிஷேகம், முளைப்பாரி என்று வாட்ஸ்அப்பில் வசூல் ஆரம்பிப்பது நமக்குச் சாதாரணம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதி இல்லாமல் நன்கொடை திரட்டுவது குற்றம். நல்ல மனசோடு செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சாவைப் பற்றியும் யோசித்து வையுங்கள். இந்தியத் தூதரகங்களில் 2009-லிருந்து இந்திய சமூக நல நிதி இருக்கிறது. வசதியில்லாத குடும்பம், உடலை ஊருக்கு அனுப்ப அதில் உதவி கேட்கலாம். ஆனால் இறப்புச் சான்றிதழ் வாங்க, பாஸ்போர்ட்டை ரத்து செய்ய, விமானத்தில் ஏற்ற என்று ஒவ்வொன்றுக்கும் அலைய ஓர் ஆள் வேண்டும். உங்கள் கோயிலிலோ சர்ச்சிலோ பள்ளிவாசல் ஜமாத்திலோ இதை முன்பு செய்தவர் யார் என்று கேட்டு, அவர் நம்பரை இப்போதே வாங்கி வீட்டிலும் கொடுத்து வையுங்கள்.

அப்புறம், குலதெய்வம். அதற்கு அந்த ஊரில் மாற்று கிடையாது. மாசி சிவராத்திரிக்கு வர முடியாவிட்டாலும் தலைக்கட்டு வரியை, அதாவது குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கட்டுகிற பங்கை, நிறுத்தாதீர்கள். சித்தப்பாவிடமோ பெரியப்பாவிடமோ சொல்லி வருஷா வருஷம் கட்டச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்கு முடியெடுத்துக் காது குத்த ஊருக்கு வரும்போது, பாக்கிக் கணக்கை வைத்துக்கொண்டு பங்காளிகளிடம் பேச வேண்டிய நிலை வராது.