வாட்ஸ்அப் வதந்தி விழிப்புணர்வு: போஸ்டரில் சிவப்புப் பெருக்கல் குறி போதுமா?

கிளைநூலகம்:
பேரூராட்சி அளவில் 6 வாரத் திட்டம். மகளிர் குழுக்களும் 50 வயதைத் தாண்டியவர்களும்தான் இலக்கு. பரவிய வதந்திகளைப் பெரிதாகப் போட்டு, மேலே சிவப்புப் பெருக்கல் குறியுடன் 200 போஸ்டர், 2 நிமிடக் குறும்படம், "பொய்ச் செய்தியை நம்பாதீர்" என்ற வாசகம். எங்கே சறுக்கும்?

அச்சுக்கூடம்:
போஸ்டரிலேயே சறுக்கும். பஸ் ஸ்டாப்பில் நிற்பவர் பெரிய எழுத்தைத்தான் படிப்பார், அங்கே இருப்பது வதந்தி. யாராவது குறியை விட்டுவிட்டுப் போட்டோ எடுத்தால் உங்கள் முத்திரையோடு அதுவே சுற்றும். உண்மையை மேலே பெரிதாக, வதந்தியைக் கீழே ஒரே முறை, ஏன் தவறு என்று ஒரு வரி. 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து. அச்சுக்குப் போகும் முன் 10 பேரிடம் 5 விநாடி காட்டி மறைத்துவிட்டு, என்ன போட்டிருந்தது என்று கேளுங்கள். வதந்தியைத் திருப்பிச் சொன்னால் வடிவமைப்பு தேறவில்லை.

குறும்படம் இன்னும் ஆபத்து. 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் என்று இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோ, கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்தவர்கள் சிறுவனைத் தூக்கிப் போய், திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம், அந்தப் பீதியில், போளூர் அருகே ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். ஆகவே "இது நடிப்பு" என்பது ஒவ்வொரு ஃபிரேமிலும், நடுவில் இருக்கட்டும். ஓரத்தில் வைத்தால் கிராப் ஆகிவிடும்.

பயிற்றுநர்:
வாசகத்தையும் மாற்றுங்கள். "நம்பாதீர்" என்று பொதுவாகச் சொன்னால் நிஜப் புயல் எச்சரிக்கையையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்கள். செய்ய ஒரு வேலை கொடுங்கள்: "அனுப்பும் முன் கேள்: யார் சொன்னது, எங்கே, என்றைக்கு?"

ஒரு அமர்வுக்கு 20 பேர், 45 நிமிடம். 6 செய்தி, அதில் 3 உண்மை. ஆறும் பொய்யென்றால் கண்ணை மூடிக்கொண்டு "பொய்" என்று சொல்லியே முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். அரசியலில் தொடங்கினால் வாக்குவாதம்தான் மிச்சம். மருத்துவக் குறிப்பு, பரிசு லிங்க், பழைய வெள்ளப் படம் என்று தொடங்கலாம்.

கிளைநூலகம்:
படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸ் சொல்லிக்கொடுக்கலாமா?

பயிற்றுநர்:
படத்துக்குச் சரி. வீடியோ என்றால் கடைப்பலகை, வண்டி எண் தெரியும் 3 இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஓரங்களை வெட்டிவிட்டுத் தேட வேண்டும். குரல் செய்திக்கு லென்ஸ் உதவாது. அதில் வரும் ஊர்ப்பெயரையும் சம்பவத்தையும் யூடர்ன் மாதிரி உண்மை சரிபார்க்கும் தளங்களில் தேடலாம்.

இரட்டை அம்புக்குறிக்குத் தனியாக 5 நிமிடம் ஒதுக்குங்கள். பலமுறை ஃபார்வர்டு ஆனது என்பதற்கான அடையாளம் அது. 2020 ஏப்ரலில் இருந்து அந்தக் குறியோடு வரும் செய்தியை ஒரு நேரத்தில் ஒரே சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். "இத்தனை பேர் அனுப்பியிருக்காங்கன்னா நிஜம்தான்" என்று தலைகீழாகப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு.

4 வாரம் கழித்து வேறு 6 செய்தி கொடுத்துப் பாருங்கள். பொய்யைக் கண்டுபிடித்தவர்களோடு, உண்மையை உண்மை என்றவர்களையும் தனியாக எண்ணுங்கள். அந்த இரண்டாவது எண் குறைந்திருந்தால் வாசகத்தை மறுபடி மாற்ற வேண்டும்.